தையல் போட்ட பிறகு

தங்கையின் டிஸ்சார்ஜ் பில்லை அவளுடைய மாமனார் பேனாவோடு உட்கார்ந்து பார்த்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எண்கள் இருக்கிற எந்தத் தாள் கைக்கு வந்தாலும் வரிக்கு ஒரு டிக் போட்டால்தான் அவருக்கு நிம்மதி. அறை வாடகை, தியேட்டர் கட்டணம், குழந்தை மருத்துவர், கையுறை, பஞ்சு எல்லாம் டிக் வாங்கின. 'டேப் பிளாக், இரண்டு பக்கம்' என்ற வரியில் பேனா நின்றது. "இது என்னம்மா?" என்றார். ஆபரேஷன் முடிந்ததும் வயிற்றுத் தசைக்குள் போடுகிற மரப்பு ஊசி மாமா, வலி தெரியாமல் இருக்க, என்றேன். "மயக்க மருந்துக்குத்தான் தனியா போட்டிருக்காங்களே?" அது ஆபரேஷனுக்கு, இது அதற்கப்புறம் வரும் வலிக்கு என்று சொன்னேன். அவர் குரலில் கோபமோ சந்தேகமோ இல்லை. "இது தேவையா இருந்துச்சா?" என்று கேட்டார், பதிலுக்குக் காத்திருக்காமல் டிக் போட்டார், அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

எனக்குத்தான் அந்தக் கேள்வியை விட்டு நகர முடியவில்லை. கைகழுவும்போது, ஆபீஸ் பஸ்ஸில், ராத்திரி விளக்கை அணைத்த பிறகு என்று அது வந்துகொண்டே இருந்தது. ஆமாம் என்று சட்டென்று சொல்லிவிடலாம். ஆனால் ஏன் ஆமாம் என்று சொல்ல ஆரம்பித்தால் ஒவ்வொரு காரணமும் வேறு யாருடைய நன்மைக்கோ சொல்லுகிற மாதிரி வருகிறது. இதை எழுதி முடித்தாலாவது விடுமா பார்க்கலாம்.

என் மகனும் சிசேரியனில் பிறந்தவன்தான். இதே ஊரில், வேறொரு தனியார் மருத்துவமனையில். அந்த பில்லில் இப்படி ஒரு வரி கிடையாது. அதனால் கெட்டுப்போனது ஒன்றும் இல்லை. குழந்தை நன்றாக இருந்தான், தையல் ஒழுங்காக ஆறியது, சொன்ன நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். கேஸ் ஷீட்டைப் புரட்டினால் சிக்கலில்லாத பிரசவம் என்றுதான் இருக்கும். அந்த முதல் ராத்திரி எந்த ஷீட்டிலும் இருக்காது. முதுகில் போட்ட ஊசியின் மரப்பு மேலிருந்து கீழாக விலகும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கால்கள் இன்னும் யாருடையவோ மாதிரி கனத்துக் கிடக்க, அடிவயிற்றில் மட்டும் உயிர் திரும்ப ஆரம்பித்தது. முதலில் ஒரு இழுப்பு, அப்புறம் எரிச்சல், அப்புறம் மூச்சை உள்ளே இழுத்தாலே கூர்மையாக ஒன்று. இருமல் வந்தால் தலையணையை வயிற்றில் அழுத்திக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அழுத்தினேன். அழுத்தவே வலித்தது.

"வலிச்சா சொல்லுங்க" என்று சிஸ்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். சொன்னேன். "இப்பதானே ஊசி போட்டோம், அடுத்தது பன்னெண்டு மணிக்குத்தான்" என்றார். அவர் மேல் குறை இல்லை. அந்த வார்டில் ராத்திரி அவர் ஒருவர்தான், பக்கத்து அறைகளிலும் மணி அடித்துக்கொண்டிருந்தது. டியூட்டி டாக்டர் வந்து தையலைப் பார்த்து, ரத்தப்போக்கைப் பார்த்து, பிரஷர் பார்த்து, "எல்லாம் நார்மலா இருக்கும்மா, முதல் நாள் அப்படித்தான் இருக்கும்" என்றார். முதல் நாள் அப்படித்தான் இருக்கும். இந்த வாக்கியத்தை அந்த வாரம் எத்தனை பேர் வாயில் கேட்டேன்! குழந்தையைப் பக்கத்தில் கிடத்திய அம்மா, காபி கொண்டுவந்த அத்தை, தரை துடைக்க வந்த அக்கா. வீட்டுக்குத் திரும்பும்போது, மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப்போட்ட ரோட்டில் கார் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏற, டிரைவர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆபரேஷனாமா? கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும்" என்றார்.

பார்க்க வருகிறவர்களின் கணக்கு வேறு. தமிழ்நாட்டில் பிறந்த குழந்தையைப் பார்க்க வருகிற எவரும் முதலில் ஆணா பெண்ணா என்று கேட்பார்கள், அடுத்து எடை, மூன்றாவதாக நார்மலா சிசேரியனா. சிசேரியன் என்று சொன்னதும் முகத்தில் ஒன்று லேசாக மாறும். "பரவால்ல, வலி தெரியாம முடிஞ்சுது." பிரசவ வலி என்பது குழந்தை வெளியே வருவதற்கு முன்னால் வருவது, அதைப் பட்டவளுக்குத்தான் வலியின் கணக்கில் வரவு. அறுத்து எடுக்கப்பட்டவளுக்கு அப்புறம் வருவது ஏதோ ஆபரேஷன் காயம், குடல்வால் எடுத்தவருக்கு வருவது போல. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. இந்த எண்ணிக்கை சரியா, இத்தனை ஆபரேஷன் அவசியமா என்ற சண்டையை டிவியில் நிறையப் போட்டாகிவிட்டது. போடவேண்டியதுதான். ஆனால் இந்தப் பாதிப் பேருக்கு அன்று ராத்திரி எப்படி இருந்தது என்று யாரும் ஒரு விவாதம் வைத்ததாக நினைவில்லை.

அம்மா வேண்டாம் என்றது

தங்கைக்குக் குழந்தை தலை திரும்பாமல் உட்கார்ந்த நிலையிலேயே இருந்தது. அதனால் தேதி குறித்த சிசேரியன். அதற்கு முன்பு மயக்க மருந்து டாக்டரைப் பார்த்து ஃபிட்னஸ் வாங்கவேண்டும். தங்கை கணவருக்கு சோழிங்கநல்லூரில் மீட்டிங், நானும் அம்மாவும் கூடப் போனோம். என் வயதுதான் இருக்கும் அந்த டாக்டருக்கு. வாயைத் திறக்கச் சொன்னார், கழுத்தை நிமிர்த்திப் பார்த்தார், முதுகெலும்பைத் தடவிப் பார்த்தார், ஆஸ்துமா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, ஏதாவது மருந்து ஒவ்வாமை என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். கடைசியில் பேனாவை வைத்துவிட்டு, "ஆபரேஷனுக்கு முதுகுல ஊசி. தையல் முடிஞ்சதும் வயித்துல ரெண்டு பக்கமும் ஒரு பிளாக் போடலாம்னு இருக்கேன். ராத்திரி வலி நல்லா குறையும். உங்களுக்குச் சம்மதமா?" என்று தங்கையைப் பார்த்துக் கேட்டார்.

பதில் அம்மாவிடமிருந்து வந்தது. "இன்னும் ரெண்டு ஊசியா? வேண்டாம் டாக்டர். முதுகுல போடுறதே போதும். பெரியவளுக்கு அந்த ஊசி போட்டதுலேருந்து இன்னிக்கு வரைக்கும் முதுகு வலி."

பெரியவள் நான்தான். டாக்டர் என்னிடம் திரும்பி எங்கே வலிக்கிறது என்று கேட்டார். இடுப்புக்கு மேலே, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை, என்று கையால் காட்டினேன். "ஊசி குத்துற இடம் சுண்டு விரல் நுனி அளவுகூட இல்லீங்க" என்றார். முதுகில் ஊசி போட்டுக்கொண்டவர்களையும் போட்டுக்கொள்ளாமல் பெற்றவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில், நாள்பட்ட முதுகுவலிக்கும் ஊசிக்கும் தொடர்பு தெரியவில்லை என்றார். ஊசியால் வரக்கூடியது வேறொன்று, எழுந்து உட்கார்ந்தால் கூடி, படுத்தால் குறைகிற தலைவலி. அது சிலருக்கு வரும், வந்தால் அதற்கு வைத்தியம் உண்டு. முதுகுவலிக்குக் காரணம் மாதக்கணக்கில் முன்னால் சுமந்த எடை, தளர்ந்த தசைநார்கள், குனிந்து குனிந்து பால் கொடுப்பது. அம்மா மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருந்தாள். நம்பவில்லை என்பது மூக்கின் அசைவிலேயே தெரிந்தது. எனக்கும் முழுசாக மனசு வரவில்லை. இவ்வளவு வருஷம் ஊசியைத் திட்டிவிட்டு இப்போது யாரைத் திட்டுவது?

"கொஞ்சம் வலி இருந்தாத்தான் டாக்டர் உடம்பு ஆறுது. நாங்க எல்லாம் பொறுத்துக்கலையா" என்றாள் அம்மா.

டாக்டர் பாடம் எடுப்பார் என்று நினைத்தேன். அவர் எடுக்கவில்லை. "உங்களுக்கு எங்கம்மா பிரசவம்?" என்று கேட்டார்.

"ரெண்டும் எழும்பூர்ல. ரெண்டும் நார்மல்."

"பெத்ததும் எப்போ எழுந்து நடந்தீங்க?"

"அன்னிக்கே எழுந்து நானே பாத்ரூம் போனேனே! சாயந்திரம் உட்கார்ந்து பால் கொடுத்தேன்."

"உங்க பொண்ணும் அன்னிக்கே எழுந்திருக்கணும்மா. படுத்தே கிடந்தா கால்ல ரத்தம் கட்டும். பிள்ளையைத் தூக்கி வெச்சுப் பால் கொடுக்கணும். அதுக்குத்தான் கேக்கறேன்."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தங்கை, "எனக்கு வேணும் டாக்டர்" என்றாள். முதல் கேள்வியே அவளிடம்தான் கேட்கப்பட்டது என்பது அப்போதுதான் எங்கள் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. "போட்டுக்கோடி, பிள்ளைக்குப் பால் கொடுக்கணும்ல" என்று அம்மாவும் சேர்ந்துகொண்டாள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் எனக்கு அந்த டாக்டர் மேல் மதிப்பும் லேசான எரிச்சலும் சேர்ந்தே இருந்தன. அம்மாவை வழிக்குக் கொண்டுவந்த விதம் அருமை. பதினைந்து நிமிடத்தில் இதைவிட நன்றாக ஒருவரால் பேச முடியாது. ஆனால் என் தங்கைக்கு வலிக்கும், அந்த வலியைக் குறைக்க வழி இருக்கிறது என்பது மட்டும் அந்த அறையில் போதவில்லை. அவள் எழுந்து நடக்கவேண்டும், பால் கொடுக்கவேண்டும், ரத்தம் கட்டக்கூடாது என்று அந்த ஊசிக்கு வேலை காட்டவேண்டியிருந்தது. காரணங்கள் எல்லாமே உண்மைதான், அதில் ஒன்றும் பொய்யில்லை. அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோது ஒருவரும் இப்படிக் காரணம் தேடவில்லை. வலிக்குது என்றார், ஊசி போட்டார்கள்.

அந்த ஊசி என்ன செய்கிறது

வயிற்றின் பக்கவாட்டுச் சுவரில் மூன்று தசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. உள்ளே இருக்கும் இரண்டு தசைகளுக்கு நடுவில் ஒரு மெல்லிய இடைவெளி. முதுகுத் தண்டிலிருந்து புறப்பட்டு வயிற்றின் முன்பக்கத் தோலுக்கும் தசைக்கும் போகிற நரம்புகள் அந்த இடைவெளி வழியாகத்தான் வருகின்றன. அங்கே மரப்பு மருந்தை நிரப்பிவிட்டால் அந்த நரம்புகள் சில மணி நேரத்துக்குச் செய்தி கடத்தாது. ட்ரான்ஸ்வெர்ஸஸ் அப்டாமினிஸ் பிளேன் என்பது அந்த இடத்தின் பெயர், அதன் சுருக்கம்தான் பில்லில் இருந்த டேப். 2001-இல் ரஃபி என்ற மருத்துவர் இதை முதலில் எழுதினார். அப்போது இதற்கு ஸ்கேன் வைத்துப் பார்ப்பதில்லை, இடுப்பெலும்புக்கு மேலே விரலால் இடம் பார்த்து, ஊசி தசையுறையைத் தாண்டுவதைக் கையால் உணர்ந்து போடுவது. இப்போது அல்ட்ராசவுண்டில் ஊசி போகிற வழியைத் திரையில் பார்த்துக்கொண்டே போடுகிறார்கள். பக்கத்துக்கு இருபது மில்லி வாக்கில், பியூபிவக்கெய்ன் அல்லது ரோபிவக்கெய்ன் என்ற மரப்பு மருந்து. முதுகு ஊசியின் மரப்பு இருக்கும்போதே போட்டுவிடுவதால் குத்துவது தெரியாது. தங்கை திரையை எட்டிப் பார்த்தாளாம். கறுப்பாக ஒன்று தசைகளுக்கு நடுவில் கண் திறப்பதுபோல விரிந்தது என்றாள். அவளுக்கு இந்த மாதிரி வர்ணனையெல்லாம் நன்றாக வரும்.

ஆபத்தே இல்லாத ஊசி என்று சொல்லமாட்டேன். மரப்பு மருந்து அளவு மீறி ரத்தத்தில் கலந்தால் காதில் ரீங்காரம், வாயைச் சுற்றி மரப்பு, மோசமானால் வலிப்பு, இதயத் துடிப்பில் கோளாறு. கர்ப்பிணிகளின் உடம்பு இந்த மருந்துக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாகவே வசப்படும். அதனால்தான் உடல் எடை பார்த்து அளவு கணக்கிடுகிறார்கள், அப்படி நேர்ந்தால் முறிக்கிற மருந்தாக இருபது சதவீதக் கொழுப்புக் கரைசலைத் தியேட்டரில் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்கவேண்டும். அபூர்வம்தான், ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அது செய்யாத வேலையும் ஒன்று இருக்கிறது. சிசேரியனுக்குப் பிறகு வருவது ஒரே வலி இல்லை. அறுத்த தோலும் தசையும் ஒரு வலி. உள்ளே கர்ப்பப்பை சுருங்குவது இன்னொரு வலி. அந்த இரண்டாவது வலி வேறு நரம்பு வழியாக வருகிறது, டேப் பிளாக்குக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. குழந்தை மார்பில் வாய் வைத்ததும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரக்கும், கர்ப்பப்பை இறுகும். நார்மலில் பெற்றவர்களுக்கும் இது உண்டு, இரண்டாவது மூன்றாவது பிரசவத்தில் இன்னும் அதிகம். முதல் ராத்திரி தங்கை தானாகவே ஒருக்களித்துப் படுத்தாள், இருமினாள், என்னிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கக்கூடச் சிரித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குப் பொறாமையாக இருந்தது என்று எழுதுவதில் வெட்கம் இல்லை. பிறகு குழந்தையை வாங்கிப் பால் கொடுக்க ஆரம்பித்ததும், "அக்கா, உள்ள முறுக்குது" என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஊசி வேலை செய்யவில்லையோ என்று அம்மா என்னைப் பார்த்தாள். வேலை செய்துகொண்டுதான் இருந்தது, தன் பங்கை மட்டும்.

மறுநாள் காலை அந்தப் பங்கும் தீர்ந்தது. இந்த ஊசி அரை நாள் தாங்கும், சிலருக்குக் கூடுதலாக. ஊசி விலகும் நேரத்தில் மாத்திரையின் பலம் உள்ளே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் வலி ஒரேயடியாக வந்து இறங்கும். பாராசிட்டமாலும், வயிற்றுப்புண், கிட்னி கோளாறு இல்லாதவர்களுக்கு டைக்ளோஃபெனாக் போன்ற ஒன்றும், வலித்தாலும் வலிக்காவிட்டாலும் மணி பார்த்துக் கொடுக்கவேண்டும் என்று அந்த டாக்டர் எழுதிவைத்திருந்தார். என் காலத்து "வலிச்சா சொல்லுங்க"வுக்கும் இதற்கும் உள்ள தூரத்தை நினைத்துக்கொண்டேன். சொல்லச் சொன்னால் நம் ஊர்ப் பெண்கள் சொல்வார்களா? கேட்டால், "பரவால்ல சிஸ்டர்" என்பார்கள். நானே எத்தனை முறை சொன்னேன். மணி பார்த்துக் கொடுப்பதில் அந்தப் "பரவால்ல"வுக்கு இடமே இல்லை. என்னைக் கேட்டால் பிளாக்கைவிடப் பெரிய மாற்றம் இதுதான், ஆனால் இதற்கு பில்லில் தனி வரி கிடையாது.

மார்ஃபின் விவகாரம்

வீட்டுக்கு வந்த பிறகு படிக்க ஆரம்பித்தேன். மாமாவுக்குப் பதில் சொல்வதற்காக என்று சொல்லிக்கொண்டேன். 2008-இல் அயர்லாந்திலிருந்து வந்த ஒரு ஆய்வு, சிசேரியன் ஆன ஐம்பது பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு டேப் பிளாக்கில் மருந்தும், இன்னொரு பாதிக்கு வெறும் உப்புநீரும் போட்டுப் பார்த்தது. முதல் 48 மணி நேரத்தில் மருந்து போட்டவர்களுக்குத் தேவைப்பட்ட மார்ஃபின், அதாவது அபினியிலிருந்து எடுக்கிற வலி மருந்து, சராசரி 18 மில்லிகிராம், மற்றவர்களுக்கு 66. அப்பாடா, பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அடுத்தடுத்துப் படித்தபோது அது அவ்வளவு நேராக இல்லை. முதுகில் போடும் அதே ஊசியில் துளி மார்ஃபின் சேர்த்துவிட்டால், அது ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க வலியைக் கட்டுப்படுத்துகிறது, கர்ப்பப்பை வலியையும் சேர்த்து. 0.1 மில்லிகிராம் போதும், அதாவது ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு. அப்படி மார்ஃபின் கொடுக்கப்பட்டவர்களுக்கு மேலே டேப் பிளாக்கும் போட்டால் பெரிதாக ஆதாயம் இல்லை. சிசேரியன் வலிக்கான ப்ராஸ்பெக்ட் என்ற சர்வதேசப் பரிந்துரையும் இதையே சொல்கிறது: முதலில் முதுகில் மார்ஃபின், கூடவே பாராசிட்டமாலும் டைக்ளோஃபெனாக் வகையும், மார்ஃபின் கொடுக்காத இடத்தில் பிளாக், அல்லது தையல் போடும் காயத்திலேயே மரப்பு மருந்து.

அப்படியானால் ஏன் எல்லோருக்கும் மார்ஃபின் போடுவதில்லை? முதுகுத் தண்டு நீரில் செலுத்தவேண்டுமானால் பதப்படுத்தும் ரசாயனம் கலக்காத மார்ஃபின் வேண்டும், அது எல்லா மருத்துவமனை மருந்தகத்திலும் கிடைப்பதில்லை. அரிப்பும் குமட்டலும் வரும். மிக அரிதாக மூச்சு மந்தப்படலாம், அதுவும் பல மணி நேரம் கழித்து. அதனால் ராத்திரி முழுக்க மூச்சை எண்ணிக் குறித்துவைக்க வார்டில் ஆள் வேண்டும். என் வார்டின் ஒற்றை சிஸ்டரை நினைத்துப் பாருங்கள். இதற்கெல்லாம் பின்னால் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் இருக்கிறது. பல உரிமங்கள், பல கையெழுத்துகள், ஒரு ஆம்பூல் உடைந்தால்கூட விளக்கம். 2014-இல் சட்டத்தைத் திருத்தி நடைமுறையை எளிதாக்கினார்கள். ஆனாலும் முப்பது வருஷப் பயம் ஒரு திருத்தத்தில் போகுமா? சட்டப்படி அபினிப் பயிர் வைத்துப் பாலெடுக்கிற நாடு இது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமத்தோடு விளைகிறது, நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசு ஆலைகளுக்குப் போகிறது. அதிலிருந்து பத்தில் ஒரு மில்லிகிராம் நம் ஊர்ப் பிரசவ வார்டுக்கு வந்து சேர்வதற்குத்தான் இத்தனை பாடு.

அந்த இடைவெளியில்தான் டேப் பிளாக் நம் ஊரில் உபயோகமாகிறது. அதற்கும் அதன் தொல்லை உண்டு. கருவைப் பார்க்க முடிகிற எந்த ஸ்கேன் மெஷினும் பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994 சட்டத்தின் கீழ் பதிவாகவேண்டும், நரம்பைத் தேட மட்டும் வாங்கினாலும்கூட. பெண் குழந்தைகளைக் காப்பாற்ற வந்த சட்டம், வரத்தான் வேண்டியிருந்தது. ஆனால் மயக்க மருந்து டாக்டர் ஒருவர் சின்ன மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டு இந்த மருத்துவமனையிலிருந்து அந்த மருத்துவமனைக்குப் போகலாம் என்று நினைத்தால் முடியாது. மெஷினே வேண்டாத வழி, மேலே சொன்ன அந்தக் கடைசி வழிதான். தையல் போடுவதற்கு முன் காயத்தின் ஓரங்களில் மகப்பேறு டாக்டரே மரப்பு மருந்தைச் செலுத்துவது. அதற்குத் தனிப் பயிற்சியோ திரையோ வேண்டாம், மருந்தின் விலையும் அதிகமில்லை. அடுத்தடுத்து டேபிள் காலியாகிற பெரிய அரசு மருத்துவமனையிலும் சில நிமிடத்தில் செய்யக்கூடியது.

அம்மா எங்களைப் பெற்ற எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை 1844-இல் தொடங்கியது. பிரசவ வேதனைக்கு மருந்து கொடுக்கலாம் என்று எடின்பரோவில் சிம்ப்சன் என்ற மருத்துவர் முதன்முதலாகச் செய்து காட்டியது அதற்கு மூன்று வருஷம் கழித்து, 1847-இல். அதாவது அந்த மருத்துவமனையில் முதல் குழந்தைகள் பிறந்த காலத்தில் உலகத்தில் எங்குமே எந்தப் பெண்ணுக்கும் அந்த வலியிலிருந்து ஒதுங்க வழி இல்லை. அப்போது பொறுத்துக்கொள் என்று சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. வேறு என்ன சொல்ல முடியும்?

மாமாவின் கேள்வி

நேர்மையாகச் சொன்னால் தங்கைக்கே அந்த ஊசி பற்றிப் பெரிய அபிப்பிராயம் இல்லை. "எனக்கும்தான் வலிச்சுதே அக்கா, என்ன பெரிய வித்தியாசம்" என்கிறாள். அவளுக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு முதல் ராத்திரி இல்லை. எனக்கு இருக்கிறது, ஆனால் என்னுடையது என் உடம்பு, அவளுடையது அவள் உடம்பு. இரண்டு அக்கா தங்கையை வைத்து எந்த ஆய்வும் நடத்த முடியாது. அதனால் மாமாவிடம் போய் எண்களைச் சொல்லலாமா என்று யோசித்தேன். 2008-இல் இன்னொரு ஆய்வும் வந்தது. பிரசவம் ஆனதும் கடுமையான வலி இருந்த பெண்களுக்கு, லேசான வலி இருந்தவர்களைவிட, எட்டு வாரம் கழித்தும் வலி தொடரும் வாய்ப்பு இரண்டரை மடங்கு, மனச்சோர்வு வரும் வாய்ப்பு மூன்று மடங்கு. நார்மலோ சிசேரியனோ, எப்படிப் பெற்றாள் என்பதைவிட எவ்வளவு வலித்தது என்பதற்குத்தான் அதில் எடை. அதைப் படித்தபோது எனக்குத் தனியாக ஒரு மாதிரி ஆனது. என் மகன் பிறந்த சில வாரங்களில் காரணமே இல்லாமல் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுத நாட்கள் உண்டு. அதற்கும் அந்த ராத்திரிக்கும் முடிச்சுப் போட எனக்கு ஆதாரம் இல்லை, போடவும் மாட்டேன்.

ஆனால் பாருங்கள், இதுவும் அதே வழக்கமான பாதைதான். வலியைக் குறைக்கவேண்டும், ஏனென்றால் பின்னால் மனச்சோர்வு வரலாம். பால் கொடுக்க முடியாது. மருத்துவமனையில் கூடுதல் நாள் இருக்கவேண்டும். ஆய்வுகளும் இப்படித்தான் பேசுகின்றன: எவ்வளவு மார்ஃபின் மிச்சம், எத்தனை மணி நேரத்தில் நடந்தாள். ஒரு பெண் ராத்திரி இரண்டு மணிக்கு விட்டத்தைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்துக் கிடக்காமல் இருந்தாள் என்பது ஏன் தனியாக ஒரு காரணமாக நிற்கக்கூடாது? மாமா கடைசியில் ஒரு நாள் பேரனைப் பார்க்க வந்தபோது சொல்லிவிட்டேன். "மாமா, அன்னிக்குக் கேட்டீங்கல்ல, அந்த ஊசி தேவையான்னு. வலிச்சிருக்கும் மாமா. அதனாலதான்." அவர் ஒரு நிமிடம் எதைப் பற்றிச் சொல்கிறேன் என்று புரியாமல் பார்த்தார். பிறகு ஞாபகம் வந்து, "சரிம்மா, நான் சும்மாதான் கேட்டேன், டிக் போட்டுட்டேனே" என்றார்.

போன மாதம் என் ஆபீஸ் தோழிக்குச் சிசேரியன் தேதி குறித்தார்கள். கேன்டீனில் உட்கார்ந்து அவளுக்கு இதையெல்லாம் ஒப்பித்தேன்: மயக்க மருந்து டாக்டரைப் பார்க்கும்போது ஆபரேஷனுக்கு அப்புறம் வலிக்கு என்ன ஏற்பாடு என்று கேள், முதுகு ஊசியில் மார்ஃபின் உண்டா, இல்லையென்றால் பிளாக் உண்டா, அதுவும் இல்லையென்றால் காயத்திலாவது மருந்து போடுவார்களா, மாத்திரை மணிக்கணக்கா, கேட்டால்தானா என்று. அவள் அப்படியே போனில் எழுதி வைத்துக்கொண்டு போய்க் கேட்டிருக்கிறாள். அங்கே முதுகு ஊசியிலேயே மார்ஃபின் சேர்க்கிறார்களாம், ராத்திரி மூச்சைக் கவனிக்கத் தனி நர்ஸ் இருக்கிறாராம், அதனால் பிளாக் அவசியமில்லை என்றாராம் டாக்டர். கொஞ்சம் அரிக்கும், பயப்படாதீங்க என்றும் சொல்லியிருக்கிறார். "நீ அவ்ளோ சொன்னியே, கடைசில அது எனக்கு இல்லையாம்" என்று போனில் சிரித்தாள். குழந்தை பிறந்த மறுநாள் வாட்ஸப்பில் செய்தி வந்தது: மூக்கு நுனி பயங்கரமாக அரிக்கிறது, மற்றபடி நன்றாகத் தூங்கினேன்.